கப்பலை வரைபவனும் ஓட்டுபவனும்: திருகோணமலையில் ஒரு விண்கப்பல் போட்டி

திருகோணமலை பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் கணினி விளையாட்டுக் கடையில், சென்ற பாடசாலை விடுமுறையின்போது சனியும் ஞாயிறுமாக ஒரு போட்டி நடைபெற்றது. போட்டியாளர்கள் தாமே வடிவமைத்த விண்கப்பல்களை ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். ஆட்டத்தின் பெயர் கொஸ்மோடியர். நுழைவுக் கட்டணம் 1,500 ரூபா, பதிவுகள் 16. உயர்தரம் படிக்கும் என் மருமகன் தன் பெயரைக் கொடுத்துவிட்டு, “மாமா, நீங்கதானே வீட்டுப் பிளான் கீறுறவர், கப்பலையும் கீறித் தாங்களேன்” என்று வந்து நின்றதால் நானும் இதில் அகப்பட்டுக்கொண்டேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. உரிமையாளர் நல்ல மனிதர். ஆனால் நான் சொல்லவிருப்பதில் பாதி குறை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். கொஸ்மோடியர், வால்ட் டெஸ்ட்லர் என்பவர் உருவாக்கியது. பல ஆண்டுகளாக அவருடைய தளத்திலிருந்து இலவசமாகத் தரவிறக்கக்கூடியதாக இருந்து, 2022 ஒக்டோபர் 24 அன்று ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் முன்னோட்டப் பதிப்பாக விற்பனைக்கு வந்தது. கப்பலை மேலிருந்து பார்க்கிறோம். அதாவது, கூரையைக் கழற்றிய வீட்டைப் பார்ப்பது போல. கட்டங்கள் இட்ட தளத்தில் கட்டுப்பாட்டு அறை, அணு உலை, பணியாளர் தங்கும் அறை, பீரங்கி, லேசர், ஏவுகணைக் குழாய், கவசத் தகடு, உந்துபொறி என ஒவ்வொன்றாக வைத்து, அவற்றை நடைபாதைகளாலும் கதவுகளாலும் இணைக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் விலை உண்டு. எனவே மொத்த விலைக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டால், ஒரே பணத்தில் யார் நல்ல கப்பல் கட்டுகிறார் என்பது போட்டியாகிவிடுகிறது. இந்தக் கடை வைத்த உச்சவரம்பு 5 இலட்சம் கிரெடிட். அது பொருத்தமான தொகை என்றே நினைக்கிறேன். எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கப் போதாது. ஒரு நல்ல யோசனையை முழுமையாகச் செய்து பார்க்கப் போதும்.

மற்றக் கப்பல் விளையாட்டுகளிலிருந்து இதை வேறுபடுத்துவது பணியாளர்கள்தான். உலையில் மின்சாரம் உண்டாகிறது. ஆனால் அது கம்பி வழியே ஓடுவதில்லை. ஒரு சிறு மனிதன் உலையடிக்கு நடந்து சென்று, ஒளிரும் பற்றறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, நடைபாதை வழியே லேசரை நோக்கியோ, எதிரியின் சூட்டைத் தடுக்கும் ஒளித்திரையான கவசத்திரையை நோக்கியோ, உந்துபொறியை நோக்கியோ நடக்கிறான், கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறான், மறுபடியும் தூக்குகிறான். பீரங்கிக் குண்டும் இப்படித்தான் ஆள் சுமந்து போய்ச் சேர்கிறது. எனவே ஒரு துப்பாக்கி நிமிடத்துக்கு எத்தனை முறை சுடும் என்பதைத் துப்பாக்கியின் அட்டவணை மட்டும் தீர்மானிப்பதில்லை; அந்த மனிதன் நடக்க வேண்டிய தூரமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பயங்கரமாகத் தெரியும் கப்பல், உள்ளே நடைபாதை கோணலாக இருந்தால் நான்கு வேட்டுக்குப் பிறகு ஊமையாகிவிடும். திரையைப் பெரிதாக்கி அந்த மனிதர்களையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவடியில் இருவர் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் வெறுங்கையோடு எதிரே வருகிறான். அதற்கப்பால் ஒரு துப்பாக்கி பசித்துக் கிடக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் சோறு வரும் வழியிலேயே கைகழுவப் போகிறவர்களும் நின்றால் என்ன நடக்குமோ, அதுவேதான்.

இருபது வருடமாகக் குசினிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி வீட்டுக்காரரோடு வாதாடி வருகிறவன் என்ற முறையில், இது என் தொழில்தானே என்று இறங்கினேன். மருமகனுக்கு அழகு வேண்டியிருந்தது: சுறாவின் தலை போன்ற முன்பக்கம், இருபுறமும் செட்டை. நான் அந்தச் சுறாவின் வயிற்றுக்குள் ஒரு நேரான நடைபாதையை இட்டு, நடுவில் உலையை வைத்து, இருபுறமும் லேசர்களை அடுக்கினேன். உலை வெடித்தால் சுற்றியிருக்கும் யாவும் போய்விடும் என்பதால் அதனைச் சுற்றிக் கவசத் தகடு போடச் சொன்னான் மருமகன்; அது சரியான அறிவுரை. நான் செய்த பிழை வேறு. முன்பக்கக் கவசத்திரைக்குப் போக ஒரேயொரு நடைபாதையும் ஒரேயொரு கதவும் போதும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் அது சிக்கனம். போர்க்கப்பலில் அது என்னவென்று சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன் பதிவு நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கடையின் முதற் குறை அங்கேதான். கொஸ்மோடியரில் கப்பல் ஒரு சாதாரணப் பி.என்.ஜி. படமாகச் சேமிக்கப்படுகிறது. படத்தைப் பார்த்தால் கப்பலின் தோற்றம் தெரியும். அதே படத்தை ஆட்டத்துக்குள் இட்டால் கப்பல் முழுதாக, கடைசிக் கதவு வரை எழுந்து நிற்கும். தரவு படத்துக்குள்ளேயே பொதிந்திருப்பதுதான் காரணம். கடைக்காரர், “கப்பலின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்” என்று மட்டும் அறிவித்தார். வாட்ஸ்அப்பில் ஒன்றைப் புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு வேறொரு படமாகவே போய்ச் சேர்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் உள்ளே கப்பல் இல்லை. ஆவணமாக இணைத்து அனுப்பியிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திராது. சனி காலை எட்டரைக்குக் கோப்புகளைத் திறந்தபோது 16 பதிவுகளில் 5 வெறும் படங்களாகக் கிடந்தன. அந்த ஐவரில் ஒருவர் மூதூரிலிருந்து வந்தவர். அவருடைய கோப்பு வீட்டுக் கணினியில் இருந்தது. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, தங்கையைக் கொண்டு கோப்பைத் தேடியெடுத்து அனுப்பச் செய்ய ஒன்றரை மணித்தியாலம் சென்றது. ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய போட்டி பத்து மணிக்குப் பிறகே தொடங்கியது. அறிவிப்பில் ஒரு சொல்லைக் கூட்டியிருந்தால் போதும். முதல் நாள் இரவே கோப்புகளை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் அதுவும் வேண்டியதில்லை.

சனிக்கிழமைப் போட்டிகளை நடத்திய முறை, என்னைப் பொறுத்தவரை, இந்த நிகழ்ச்சியின் மிகச் சிறந்த பகுதி. 16 கப்பல்களும் நான்கு நான்காகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு குழுவிலும் ஒவ்வொரு கப்பலும் மற்ற மூன்றோடும் மோத, மொத்தம் 24 மோதல்கள். இவற்றில் எந்தப் போட்டியாளரும் எலியைத் தொடவில்லை. கடையின் ஒரே கணினியில், விரும்பிய கப்பல்களை விரும்பியபடி நிறுத்திப் பார்க்கவிடும் சுதந்திர ஆக்கப் பயன்முறையில், இரண்டு கப்பல்களையும் எதிரெதிரே நிறுத்தி, இரண்டையும் ஆட்டத்தின் செயற்கை அறிவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். சுவரில் புரொஜெக்டர் படம். நாங்கள் கதிரைகளில் அமர்ந்து, பிள்ளையை மேடைக்கு அனுப்பிவிட்டுக் கீழே இருக்கும் பெற்றோரைப் போல, ஒன்றும் செய்ய இயலாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கணினி ஒரு சுமாரான மாலுமி. எதிரியை நோக்கித் திரும்பும், தன் ஆயுதங்கள் எட்டும் தூரத்தில் நிற்கும், சுடும். தந்திரம் எதுவும் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே, சுற்றிவளைத்துப் பின்பக்கம் போனால்தான் வெல்லும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட கப்பல்கள் எல்லாம் முதல் மோதலிலேயே நேராகப் போய் முகத்தில் வாங்கிக்கொண்டன. ஒரு கப்பலில் பெரும் பீரங்கிகள் ஆறு இருந்தன. குண்டுக் களஞ்சியம் மட்டும் வால்ப்பக்கக் கோடியில். முதல் இருபது விநாடி அதற்கு நிகர் எதுவும் இல்லை. அதன்பின் ஒரு வேட்டும் இல்லை. சுமப்பவர்கள் நீண்ட நடைபாதையில் வந்துகொண்டே இருந்தார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று, நம் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தபோது அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை என்று படித்திருக்கிறேன். அந்த ஆறு பீரங்கிகளையும் பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது.

எங்கள் சுறா முதல் மோதலில் வென்றது. இரண்டாவதில் எதிரியின் குண்டு ஒன்று முன் நடைபாதையின் ஒரே கட்டத்தில் விழுந்தது. அவ்வளவுதான். முன்பக்கம் உடையவில்லை, திரைக் கருவியும் உடையவில்லை. ஆனால் அதற்குப் போக வழியில்லை. பற்றறி எட்டாத கவசத்திரை மெல்ல மங்கி அணைந்தது. உலையடியில் ஆட்கள் அங்குமிங்குமாக அலைந்தார்கள். மருமகன் என் பக்கம் திரும்பி, “மாமா, மற்றப் பக்கம் ஒரு கதவு வச்சிருக்கலாமே” என்றான், வெகு மரியாதையாக. மூன்றாவதில் தட்டுத்தடுமாறி வென்று, குழுவில் இரண்டாமிடத்தோடு காலிறுதிக்குத் தகுதி பெற்றோம்.

சனிக்கிழமையின் உண்மையான கதாநாயகர்கள் இருவர். ஒருவர் பாலையூற்றிலிருந்து வந்த இளம்பெண். அவருடைய கப்பல் பிஸ்கட் ரின் போன்ற ஒரு நீள்சதுரம், நிறம்கூட அடிக்கவில்லை. மூன்று மோதல்களிலும் அது அவசரப்படாமல், நிற்காமல், ஒரே தாளத்தில் சுட்டு வென்றது. மற்றவர் கிண்ணியா இளைஞர் ஒருவர். விதியில் “மொத்தப் பெறுமதி 5 இலட்சத்துக்கு மேற்படக் கூடாது” என்றுதான் இருந்தது; எத்தனை கப்பல் என்று இருக்கவில்லை. அவர் ஒன்பது சிறு கப்பல்களை அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு உலை, ஒரு கட்டுப்பாட்டு அறை, ஒரு பீரங்கி, சில உந்துபொறிகள். பெரிய கப்பல் ஒன்றைச் சுட்டு வீழ்த்துவதற்குள் மற்ற எட்டும் எட்டுத் திசையிலிருந்து கொத்தும். கரைவலைக்குள் அகப்பட்ட பெருமீனைப் போல மற்றவர்களின் கப்பல்கள் புரண்டன. கூட்டம் கைதட்டியது, தோற்றவர்களில் ஒருவர் மட்டும் நடுவரிடம் போய் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

இது புதிய கதை அல்ல. 1981இல் அமெரிக்காவில், டிரவெலர் என்ற மேசை விளையாட்டுக்காகப் போட்டியாளர்கள் தம் சொந்த விண்கப்பற்படையை வடிவமைத்து மோதும் தேசியப் போட்டி ஒன்றில், டக்ளஸ் லெனாட் என்ற கணினி விஞ்ஞானி தாம் எழுதிய யூரிஸ்கோ என்ற நிரலின் துணையோடு கட்டிய படையைக் கொண்டுவந்தார். மற்றவர்கள் எதிர்பார்த்த கம்பீரமான வேகக் கப்பல்கள் அதில் இல்லை; மெதுவாக நகரும், தடித்த கவசம் போட்ட ஏராளமான கப்பல்கள். வென்றார். அடுத்த ஆண்டுக்கு விதிகளை மாற்றினார்கள். புதிய விதியை நிரலிடம் கொடுத்து, 1982இலும் அவரே வென்றார். அங்கேயும் நடத்தியவர்களுக்கு இது பிடிக்கவில்லைதான். இனி வர வேண்டாம் என்ற அளவுக்குப் போனார்கள். ஆனால் விதியை மாற்றியது ஒரு போட்டி முடிந்து மறு போட்டிக்கு முன்.

நம் கடையிலோ, சனி இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது: “நாளை ஒருவருக்கு ஒரு கப்பல் மட்டும்.” காரணமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. விதியில் ஓட்டை இருந்தால் அதைக் கண்டுபிடித்தவரைத் தண்டிக்கக் கூடாது. ஓட்டையை விட்டவர் பொறுக்க வேண்டும். கிண்ணியா இளைஞர் விடிய விடிய ஒரு புதிய கப்பல் கட்டிக்கொண்டு ஞாயிறு காலை கண் சிவந்து வந்தார். காலிறுதியில் அவர் எங்களோடு மோதினார். இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றோம். அந்த வெற்றியில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. அவர் என் மருமகனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, “உங்கட நடைபாத நல்லா இருக்கு, மத்தப் பக்கம் ஒரு கதவு போடுங்க” என்றார். ஊருக்கே தெரிந்த கதவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முறை வேறு. எட்டுப் பேரும் கணினிகளின் முன் அமர்ந்து தம் கப்பலைத் தாமே ஓட்டினார்கள். மூன்றில் இரண்டு வென்றவருக்கு அடுத்த சுற்று. கூட்டத்துக்கு இது கூடுதல் சுவாரசியம் என்பதை மறுக்க மாட்டேன். கத்தல் மருந்துக்கடை வரை கேட்டிருக்கும். ஆனால் சிக்கல்களும் இங்கேதான் வந்தன. கொஸ்மோடியர் பெரிய வரைகலை அட்டை எதையும் கேட்கும் ஆட்டமல்ல; ஆயினும் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களின் நடையையும் ஒவ்வொரு குண்டின் பாதையையும் கணிக்க வேண்டியிருப்பதால் செயலியை நன்றாகப் பிழிந்தெடுக்கும். இணைந்து ஆடும்போது ஒரு கணினி திணறினால் இருவருக்குமே ஆட்டம் சேற்றில் இறங்கிய வண்டியாகிவிடுகிறது. கடையில் ஏழாம் இலக்கக் கணினி அப்படித்தான். அது பழையது என்பது வழக்கமாக வரும் பையன்கள் அனைவருக்கும் தெரியும்; அரையிறுதியில் அதைத்தான் மருமகனுக்குக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று வென்று மூன்றாவது ஆடிக்கொண்டிருந்தபோது படம் விட்டு விட்டு நகரத் தொடங்கியது. பின்னர் இரு கணினிகளும் ஒத்துப்போகவில்லை என்ற அறிவிப்போடு இணைப்பே அறுந்தது. நடுவர் இருவரின் திரையிலும் கடைசியாக உறைந்திருந்த படத்தைக் கண்ணால் பார்த்து, எதிராளியின் கப்பலில் அதிகம் மிச்சமிருப்பதாகச் சொல்லி அவருக்கு வெற்றி கொடுத்தார். அப்படி ஒரு விதி அந்த நிமிடம் வரை எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. மறுபடி ஆடவிட்டிருந்தால் ஐந்து நிமிடம் சென்றிருக்கும். நாங்கள் தோற்றிருக்கவும் கூடும். எதிராளி நன்றாக ஓட்டினார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த எதிராளிதான் இறுதியில் பாலையூற்றுப் பெண்ணையும் இரண்டுக்கு ஒன்று என்று வென்று முதற்பரிசை எடுத்தார். வேகமான உந்துபொறிகள் கொண்ட அவருடைய கப்பல், அந்தப் பிஸ்கட் ரின்னைச் சுற்றிச் சுற்றி வந்து, அது திரும்புவதற்குள் வாலைக் கடித்தது. பரிசு வாங்கிய பின் யாரோ கேட்டதற்கு, கப்பலை ஸ்டீமின் பகிர்வுப் பக்கத்திலிருந்து இறக்கி, விலை உச்சவரம்புக்குள் வரும்படி இரண்டு பாகங்களைக் கழற்றி, நிறம் மாற்றியதாகச் சிரித்தபடியே சொன்னார். அவர் எதையும் மறைக்கவில்லை. விதியிலும் அதற்குத் தடையில்லை. சுவரொட்டியில் மட்டும் “உங்கள் சொந்தக் கப்பலை வடிவமைத்து வெல்லுங்கள்” என்று இருந்தது.

இங்கேதான் எனக்கும் மருமகனுக்கும் வழி பிரிகிறது. வடிவமைப்புக்குப் போட்டி வைத்தால் வடிவமைத்தவரின் கையை விலக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. வீட்டைக் கட்டிக் கொடுத்தபின் அதில் யார் எப்படி நடப்பார்கள் என்று நான் கூடவே நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஒரு சுமாரான மாலுமியின் கையிலும் ஒழுங்காக ஓடுவதுதான் நல்ல கப்பல். 2009இல் வந்த கிராட்டுயிட்டஸ் ஸ்பேஸ் பேட்டில்ஸ் என்ற ஆட்டம் இதை முழுக் கொள்கையாகவே வைத்திருந்தது: கப்பலை வடிவமைத்து, கட்டளைகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, போர் தொடங்கிய பின் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அப்படி நடத்தினால் ஏழாம் இலக்கக் கணினிப் பிரச்சினையும் எழாது; ஒரே நல்ல கணினி போதும். இறக்கிய கப்பலைக் கொண்டுவருபவருக்கும் கைத்திறன் துணை நிற்காது.

மருமகன் விடவில்லை. ஓட்டி இல்லாமல் கப்பல் இல்லை என்றான்; பாடப் புத்தகத்துக்கு வெளியே எங்கோ படித்த ஒன்றையும் எடுத்து வீசினான். 1782 செப்டெம்பர் 3 அன்று இதே திருகோணமலைக்கு வெளியே கடலில், சுஃப்ரன் என்ற தளபதியின் 14 பிரெஞ்சுக் கப்பல்கள் ஹியூஸின் 12 பிரித்தானியக் கப்பல்களோடு மோதின. எண்ணிக்கை பிரெஞ்சுக்காரர் பக்கம். ஆனால் அவர்களுடைய கப்பித்தான்களில் பலர் தளபதியின் கட்டளைப்படி நெருங்கி வரவில்லை. சுஃப்ரனின் சொந்தக் கப்பல் நடுவில் தனித்து நின்று அடி வாங்கிப் பெரிய பாய்மரத்தை இழந்தது. வெற்றி என்று சொல்ல யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. “கப்பல் நல்லாத்தான் இருந்தது மாமா, ஓட்டினவங்கதான் சரியில்ல.” சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அது ஓட்டுபவர்களுக்கான போட்டிக்குச் சாதகமான வாதம். அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்து, எல்லோருக்கும் ஒரே கப்பலைக் கொடுக்கட்டும் என்று பதில் சொன்னேன். அதை அவன் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் யோசித்தான்.

கடையைப் பற்றி மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபது கதிரைக்கு அறுபது பேர். அம்மாக்கள் சிலர் இரண்டு நாளும் படிக்கட்டில் இருந்தார்கள். குளிரூட்டி ஒன்றுதான், அது முன்வரிசைக்கு மட்டும். ஞாயிறு மதியம் கரண்ட் போனது. ஒவ்வொரு கணினிக்கும் யூ.பி.எஸ். இருந்ததால் ஓர் ஆட்டமும் கலையவில்லை. அரை நிமிடத்தில் ஜெனரேற்றர் பிடித்தது. இதற்காக உரிமையாளரைப் பாராட்டியே ஆக வேண்டும். கட்டணத்துக்குள் மதியம் கோழிக் கொத்து ஒன்றும், பத்து மணிக்கு ரோல்ஸும் இஞ்சிப் பிளேன்ரீயும் அடங்கியிருந்தன. கொத்து காரம், நல்ல காரம். கொத்து வந்த அட்டைப் பெட்டிகளைக் கீழே வாசலில் வைத்திருந்தார்கள். கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் உலாவ வரும் புள்ளிமான்களில் ஒன்று வந்து அவற்றில் ஒன்றை முழுதாகத் தின்றுவிட்டுப் போனது. பரிசளிப்பை விட அதைப் பார்க்கத்தான் சின்னப் பிள்ளைகள் ஓடினார்கள்.

1,500 ரூபாவுக்கு இரண்டு நாள், சாப்பாடு, 24 மோதல்களின் பாடம். பணம் வீண் என்று சொல்ல மாட்டேன். அடுத்த விடுமுறையில் மறுபடி வைத்தால் பெயர் கொடுப்போம். ஆனால் விதிகளை அச்சிட்ட தாளில் கையொப்பத்தோடு வாங்கிய பிறகு. மோதல்களை ஒளிப்பதிவு செய்து வைக்கவும் வேண்டும். சனிக்கிழமை மோதல்களில் ஒன்றுகூட யாரிடமும் இல்லை. எங்கள் நடைபாதை அறுந்த கணத்தை மறுபடி பார்க்க வழியில்லை.

புறப்படும்போது பாலையூற்றுப் பெண்ணிடம் அவருடைய கப்பலைக் கேட்டேன். “அங்கிள், டொக்கியுமென்ற்றா அனுப்புறன்” என்று சொல்லி அப்படியே அனுப்பினார். அன்றிரவு வீட்டில் அதைத் திறந்து, உலையிலிருந்து மிகத் தூரத்துத் துப்பாக்கி வரை கட்டங்களை எண்ணினேன்: 9. எங்கள் சுறாவில் 17. அவருடைய ஒவ்வொரு அறைக்கும் இரண்டு கதவுகள் இருந்தன.